மலைக்காற்றில் எரியும் பர்னர்: பொரித்த எண்ணெயில் அலுமினியமும் பித்தளையும் உருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூரில் நன்றாக எரிந்த எண்ணெய் பர்னரை அப்படியே ஊட்டிக்குக் கொண்டுவந்து பற்றவைத்தால் கரும்புகைதான் வரும். பர்னரில் பழுது இருக்காது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு கன மீட்டர் காற்றின் எடை சமவெளியில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ப்ளோயர் அதே அளவு காற்றைத் தள்ளினாலும் அதிலுள்ள ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது. எண்ணெயோ குளிரில் கெட்டிப்பட்டுச் சொட்டச் சொட்ட இறங்குகிறது. காற்று மெலிவு, எண்ணெய் தடிப்பு இரண்டுக்கும் முதலிலேயே வழி செய்துவிட்டால், குழாய் வெட்டிச் சேர்க்கும் வேலை ஒரு நாளில் முடியும்.

இங்கே சொல்லும் பர்னர் மணிக்கு 2 முதல் 3 லிட்டர் எண்ணெய் எரிக்கும். கம்ப்ரெஸரும் நுண்துளை நாசிலும் வேண்டாம். ஒன்றரை லிட்டர் கொள்ளளவுள்ள மூசையில் (உலோகம் உருக்கும் பாத்திரம்) மூன்று கிலோ அலுமினியமோ, ஏழெட்டு கிலோ பித்தளையோ உருக்க இது போதும்.

எந்த எண்ணெய்

ஒர்க்‌ஷாப்பில் வடித்த எஞ்சின் ஆயிலைத்தான் பெரும்பாலோர் முதலில் நினைப்பார்கள். எங்கள் கருத்தில் வீட்டு உலைக்கு அது வேண்டாம். அதில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானங்கள் இருக்கும். எஞ்சினில் தேய்ந்த உலோகத்தூளும் சேர்ந்திருக்கும். எரிந்தால் அவை புகையோடு போகும், அல்லது உலைச் சுவரில் சாம்பலாக ஒட்டும். பயன்படுத்திய ஆயில் 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச் சேர வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலைத் தொடவே கூடாது.

பொரித்த சமையல் எண்ணெய் இதைவிட எவ்வளவோ மேல். திரும்பத் திரும்பப் பொரிக்கும்போது உருவாகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் மறுபடி சமைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் பெரிய ஓட்டல்கள் கணக்கு எழுதி, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். அதனால் பஜ்ஜிக் கடை, சிப்ஸ் கடை, சிறு மெஸ் போன்ற இடங்களில் வாரம் ஐந்து, பத்து லிட்டராகக் கேட்டு வாங்குவதே நடைமுறை. அந்த எண்ணெய் திரும்பவும் யாருடைய வாணலிக்கும் போகாமல் உலையில் எரிவது ஊருக்கும் நல்லது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கடைகளில் ஓடுவது பெரும்பாலும் பாமாயில். டிசம்பர், ஜனவரி காலைகளில் குன்னூரிலும் ஊட்டியிலும் அது டின்னுக்குள் நெய்போல உறைந்து நிற்கும். அப்போது வடிகட்டவும் முடியாது, வால்வில் ஓடவும் ஓடாது.

எண்ணெயைத் தயார் செய்யும் முறை இது. டின்னை வெந்நீர் நிறைந்த பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி வையுங்கள். எண்ணெய் 60 பாகைக்கு வந்ததும் முதலில் டீ வடிகட்டியில் ஊற்றித் தூளை எடுங்கள். பிறகு பழைய ஜீன்ஸ் துணியில் இரண்டாம் முறை வடிகட்டுங்கள். அதன்பின் உறையாத இடத்தில் மூன்று நாள் அசையாமல் வைத்தால் நீரும் மாவும் அடியில் தங்கும். மேலே தெளிந்த எண்ணெயை மட்டும் இறுத்து, அடியிலுள்ள இரண்டு விரல் உயரத்தை விட்டுவிடுங்கள்.

ஈரம் போய்விட்டதா என்று பார்க்கச் சூடான தோசைக்கல்லில் ஒரு சொட்டு விடுங்கள். படபடவென்று வெடித்தால் நீர் இருக்கிறது. சத்தமில்லாமல் பரவினால் சரி. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால் வெந்நீர்த் தொட்டி அதற்குமேல் சூடாகாது. இது ஒரு பாதுகாப்பு. ஆனால் அந்தச் சூட்டில் எண்ணெயிலுள்ள நீர் முழுதாக ஆவியாகாது. படியவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். எண்ணெய் டின்னை நேராக அடுப்பில் வைக்காதீர்கள். அடியிலுள்ள நீர் திடீரென்று பொங்கினால் எண்ணெய் முழுவதும் அடுப்பில் கவிழும். மெல்லியதாக்க எண்ணி பெட்ரோல் கலப்பது தற்கொலைக்குச் சமம்.

எவ்வளவு காற்று

ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் முழுதாக எரிய சுமார் 11 கிலோவுக்குச் சற்று அதிகமான காற்று தேவை. சமவெளியில் அது 10 கன மீட்டர், ஊட்டியில் 12. உண்மையான உலையில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்தால்தான் புகை நிற்கும். ஆக, மணிக்கு 3 லிட்டர் எரிக்க நிமிடத்துக்கு ஏறத்தாழ 720 லிட்டர் காற்று வேண்டும்.

கையில் பிடித்துத் தூசி ஊதும் 600 வாட் ப்ளோயரின் லேபிளில் இதைப்போல் மூன்று மடங்கு எழுதியிருக்கும். ஆனால் குறுகிய குழாய் வழியே தள்ளும்போது அவ்வளவும் வராது. அது தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓடுவதற்காகச் செய்ததும் அல்ல. கொல்லுப்பட்டறைக்கு விற்கும் சிங்கிள் ஃபேஸ் ப்ளோயர், 2,800 சுற்று, இரண்டு அங்குல வாய் உள்ளது வாங்குங்கள். நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்கள் தோல் துருத்தி ஊதி இரும்படித்த மலை இது. அந்தத் துருத்திக்கு இருந்த ஒரு வசதி நமக்கும் வேண்டும்: காற்றை நினைத்தபடி கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். ப்ளோயருக்கும் பர்னருக்கும் நடுவே ஒரு டி (மூன்று வாயுள்ள குழாய் இணைப்பு) போட்டு, அதன் பக்கவாயில் நகரும் தகடு வையுங்கள். தகடு திறந்தால் காற்று வெளியே போகும். மூடினால் உலைக்குப் போகும். 

பர்னர் செய்தல்

தேவைப்படுபவை இவை:

- ஒன்றரை அங்குலக் கறுப்பு இரும்புக் குழாய், 450 மி.மீ.
- ஒன்றரைக்கு ஒன்று ரெடியூசர்; ஒரு அங்குல நிப்பிள், 75 மி.மீ.
- ஒன்றரை அங்குல டி ஒன்று. அதன் பின்வாயை அடைக்க ஒரு பிளக்
- வெளி விட்டம் 6, உள் விட்டம் 4 மி.மீ. கொண்ட இரும்பு டியூப், ஒரு மீட்டர் (லாரி உதிரிபாகக் கடையில் டீசல் லைன் என்று கேட்டால் கிடைக்கும்)
- 6 மி.மீ. டியூபுக்கான கிளாண்ட் நட்

ஜிஐ குழாய் வேண்டாம். சூடு பட்டால் துத்தநாகப் பூச்சு வெண்புகையாக வரும். செம்பு டியூபும் வேண்டாம். அது வளைக்கச் சுலபம்தான், ஆனால் பழைய சமையல் எண்ணெய் செம்போடு சேர்ந்தால் விரைவில் பிசினாகிவிடும். நுனியில் சூடு ஏறினால் செம்பு இளகியும் போகும்.

டி-யின் முன்வாயில் குழாயையும், குழாயின் மறுமுனையில் ரெடியூசரையும், அதில் நிப்பிளையும் பொருத்துங்கள். டி-யின் பக்கவாய் வழியே காற்று நுழைகிறது. பின்வாய்ப் பிளக்கின் நடுவில் துளையிட்டு, கிளாண்ட் நட் பொருத்தி, எண்ணெய் டியூபை அதன் வழியே நேராக உள்ளே விடுங்கள். டியூபின் நுனி நிப்பிளின் வாயிலிருந்து 20 மி.மீ. உள்ளே நிற்க வேண்டும், அதுவும் நடுமையத்தில். மையத்தில் நிறுத்த மூன்று சிறு கம்பித்துண்டுகளை டியூபின்மேல் நட்சத்திரம்போல வெல்டு வையுங்கள். மையம் விலகினால் எண்ணெய் ஒரு பக்கச் சுவரில் வழிந்து, அங்கே கரியாகி, ஒரு வாரத்தில் வாயை அடைக்கும்.

ரெடியூசர் எதற்கு என்று கேட்கலாம். ஒன்றரை அங்குலத்தில் மெதுவாக வரும் காற்று ஒரு அங்குல வாயில் நொடிக்கு 20 மீட்டர் வேகம் பிடிக்கிறது. அந்த வேகம்தான் எண்ணெய்த் தாரையைத் துளிகளாகக் கிழிக்கிறது. ஆனால் எண்ணெய் முழுதும் பனிமூட்டம்போல நுண்துளியாகிவிடாது. மீதி வேலையைச் செந்தணலான உலைச் சுவர் செய்யும். ஆகவே இந்த பர்னர் குளிர்ந்த உலையில் எரியாது என்பதை மனதில் வையுங்கள்.

எண்ணெய் வரும் பாதை

வால்வின் கைப்பிடி எத்தனை சுற்று திறந்தது என்று கணக்கு வைப்பதில் பயனில்லை. 10 பாகையில் இருக்கும் எண்ணெய் 60 பாகையில் இருப்பதைவிட ஐந்தாறு மடங்கு தடிப்பு. காலை எட்டு மணிக்கு வைத்த அதே திறப்பில் பதினோரு மணிக்குப் பல மடங்கு எண்ணெய் கொட்டும். கண்ணால் பார்க்கும்படி எண்ணெயை விழவிடுவதே தீர்வு.

பத்து லிட்டர் இரும்பு டின் ஒன்றைத் தொட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வெளியேறும் நிப்பிள் அடியிலிருந்து 40 மி.மீ. மேலே இருக்கட்டும், கசடு வடிக்க அடியில் தனியாக ஒரு திருகு. இந்த டின் வெந்நீர் நிறைந்த பெரிய டின்னுக்குள் நிற்கும். நீர் சூடாக்கும் ராடை வெளி டின்னின் நீரில் மட்டும் இறக்கி, நீரை 70 பாகையில் வையுங்கள். தொட்டி உலைக்கு நேர்மேலே ஒருபோதும் வேண்டாம். பக்கவாட்டில் இரண்டு மீட்டர் தள்ளி, பர்னரைவிட ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கட்டும்.

தொட்டியிலிருந்து வரிசை இது: கைக்கெட்டும் பால் வால்வு, கரண்டில் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு, ஓட்டத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வு. நீடில் வால்விலிருந்து எண்ணெய் இரண்டு சென்டிமீட்டர் வெட்டவெளியில் விழுந்து ஒரு சிறு இரும்புப் புனலுக்குள் போகும். புனல் பர்னரைவிட 40 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து பர்னர் டியூபுக்கு எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ஹோஸ். உலை அருகிலுள்ள கடைசி அரை மீட்டர் இரும்பு டியூபாகவே வரட்டும். பிவிசி ஹோஸ் சூட்டில் குழைந்து கழன்றுவிடும்.

நீடில் வால்வுக்கடியில் மருந்து அளக்கும் கப்பைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 50 மி.லி. விழுந்தால் மணிக்கு 3 லிட்டர். பற்றவைக்க 15 மி.லி. போதும். நடுவில் புனல் நிரம்பி நின்றால் டியூபில் அடைப்பு என்று உடனே தெரிந்துவிடும். கீழே ஒரு தட்டு வைத்திருங்கள்.

கரண்டு போனால்

மழைக்காலத்தில் ஒரு கிளை கம்பிமேல் விழுந்தால் இங்கே கரண்டு போய்விடும். ப்ளோயர் நிற்கும், எண்ணெய் நிற்காது. செந்தணலான உலைக்குள் காற்றில்லாமல் விழும் எண்ணெய் வெண்மஞ்சள் ஆவியாக நிரம்பும். அந்த ஆவி எரியாமல் தேங்கி, காற்று திரும்பக் கிடைத்ததும் ஒரேயடியாகப் பற்றும், மூடி பறக்கும்.

அதற்குத்தான் சோலினாய்டு. கரண்டு இல்லாதபோது மூடியே இருக்கும் வகை, 230 வோல்ட், விட்டான் (எண்ணெயும் சூடும் தாங்கும் ரப்பர்) சீல் உள்ளது கேளுங்கள். வாங்கும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது, பூஜ்ய அழுத்தத்திலும் திறக்கும் நேரடி வகையா என்பது. தண்ணீர் லைனுக்கு விற்கும் சாதாரண வால்வுகள் பல, உள்ளே அழுத்தம் இருந்தால்தான் திறக்கும். நம் தொட்டியின் அரை மீட்டர் உயர எண்ணெய் கொடுக்கும் அழுத்தம் அதற்குப் போதாது. கரண்டு கொடுத்தாலும் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு விஷயம். கரண்டு திரும்பி வரும்போது நீங்கள் அருகில் இல்லாமல் இருக்கலாம். ப்ளோயரும் சோலினாய்டும் தானாக ஓடத் தொடங்கினால், ஆறிய உலைக்குள் எண்ணெய் பாயும். இரண்டையும் ஒரே டிஓஎல் ஸ்டார்ட்டரில் இணையுங்கள், கிணற்று மோட்டாருக்குப் போடுவதேதான். பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். இணைப்பை எலக்ட்ரீஷியன் செய்யட்டும். ஈரமான ஷெட்டில் எர்த் இல்லாத ப்ளோயர் உயிரை எடுக்கும்.

உலை

உலைபற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். 30 லிட்டர் இரும்பு டிரம் வெளிக்கூடு. இன்னும் சற்றுப் பெரிதானால் நல்லது. வீட்டு எரிவாயு சிலிண்டரை அறுக்காதீர்கள். அது உங்கள் சொத்தும் அல்ல, உள்ளே மிஞ்சிய வாயு வெடிக்கவும் செய்யும். 1,260 பாகைத் தர செராமிக் கம்பளி, 25 மி.மீ. தடிப்பு, இரண்டு சுற்று. அதன்மேல் உயர் அலுமினா சாந்து 10 மி.மீ. கம்பளி வெட்டும்போது முகக்கவசம் அவசியம்; அந்த நார் நுரையீரலுக்கு ஆகாது. உள்விட்டம் 200, உள் உயரம் 280 மி.மீ. இருக்கும்படி டிரம்மைத் தேர்ந்தெடுங்கள். மூசைக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் 40 மி.மீ. இடைவெளி விடுங்கள். மூடியின் நடுவில் 80 மி.மீ. துளை.

பர்னர் நுழையும் துளை தரையிலிருந்து 50 மி.மீ. உயரத்தில், சுவரைத் தடவிச் சுழலும்படி ஓரமாகப் போக வேண்டும். சுடர் நேராக மூசையில் மோதினால் அந்த இடத்திலேயே மூசை அரித்து ஓட்டையாகும். பர்னர் உலையை நோக்கிச் சற்றே தாழ்ந்து, ஐந்து பாகைச் சரிவில் நிற்கட்டும். மட்டமாகவோ பின்சாய்ந்தோ இருந்தால் மிஞ்சிய எண்ணெய் ப்ளோயருக்குள் வழிந்து, அங்கே தீப்பிடிக்கும். உலையின் அடியில் 20 மி.மீ. வடிதுளை விட்டு அட்டையால் அடையுங்கள். மூசை உடைந்தால் உலோகம் அங்கே வெளியேறும். உலைக்குக் கீழே காய்ந்த மணல் இரண்டு அங்குலம். சிமெண்ட் தரையில் உருகிய உலோகம் விழுந்தால் தரையே வெடித்துத் தெறிக்கும்.

சாந்து காய்வதில்தான் மலையில் அவசரப்படுகிறார்கள். சமவெளியில் இரண்டு நாளில் காய்வது கோத்தகிரி மூடுபனியில் வாரமானாலும் ஈரமாகவே இருக்கும். ஒரு வாரம் வீட்டுக்குள் வைத்து, பிறகு இரண்டு நாள் உள்ளே 60 வாட் குண்டு பல்பு எரியவிடுங்கள். அப்புறம் கரி போட்டு, மெதுவாக மூன்று மணி நேரம் வெதுவெதுப்பில் வைத்து, அதன்பின் செந்தணலுக்கு ஏற்றுங்கள். ஈரத்தோடு வேகமாகச் சூடேற்றினால் உள்ளே நீராவி அடைபட்டுச் சாந்து பலகை பலகையாகத் தெறிக்கும்.

பற்றவைத்தல்

வேலை திறந்தவெளியிலோ, இரு பக்கம் திறந்த ஷெட்டிலோதான். குளிருக்காகக் கதவை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் ஆளைச் சாய்க்கும். கற்பூர மரத்தடியில் (யூகலிப்டஸ்) வேண்டாம். அதன் சருகு எண்ணெய்ச் சருகு. பனி கருக்கிய புல் காய்ந்து கிடக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை சுற்றிலும் பத்து மீட்டர் சுத்தம் செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். உலர்பொடித் தீயணைப்பானும் இரண்டு வாளி மணலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அக்ரிலிக் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் பருத்திச் சட்டை, தோல் ஏப்ரன், தோல் பூட்ஸ், முகத்திரை போடுங்கள். ரப்பர் செருப்போடு உலை அருகே நிற்காதீர்கள்.

சீகைக்கரி (வாட்டில் மரக்கரி) ஒரு கிலோ உலைக்குள் போட்டுப் பற்றவைத்து, மூசையையும் உள்ளே வைத்து, காற்றைக் கால்வாசி விடுங்கள். பதினைந்து நிமிடத்தில் சுவர் மங்கிய சிவப்புக்கு வரும். பகல் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு தெரியாது. மூடியை வைத்து, துளையைக் கையுறையால் நிழலாக்கி, தள்ளி நின்று பாருங்கள். சிவப்பு வந்தபின் எண்ணெய் 15 மி.லி. ஓட்டத்தில் திறந்துவிடுங்கள். சில நொடிகளில் 'ஹூ' என்ற உறுமல் கேட்கும். கேட்காமல் வெண்புகை வந்தால் உடனே எண்ணெயை மூடி, காற்றை ஒரு முழு நிமிடம் ஓடவிட்டு, இன்னும் கரி போடுங்கள். அந்தப் புகைக்கு நெருப்புக்குச்சி காட்டாதீர்கள். துளைக்கு நேராகக் குனிந்தும் பார்க்காதீர்கள்.

உறுமல் சீரானபின் எண்ணெயையும் காற்றையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். கூட்டும்போது காற்று முன்னே, எண்ணெய் பின்னே. குறைக்கும்போது எண்ணெய் முன்னே. அலுமினியத்துக்கு 35 மி.லி., பித்தளைக்கு 50 மி.லி. வரை போகலாம். மூடித்துளையில் ஒரு சாண் உயரத்துக்குள் மஞ்சள் சுடர், புகையில்லாமல் நின்றால் கலவை சரி. சுடரே தெரியாமல் உறுமல் மட்டும் கேட்டு, சுவரின் நிறமும் மங்கினால் காற்று மிகுதி. கரும்புகை என்றால் எண்ணெய் மிகுதி. ஊட்டியில் பத்துக்கு எட்டு முறை இதுதான், காற்றைக் கூட்ட இடமில்லையென்றால் எண்ணெயைக் குறையுங்கள். படபடவென்று வெடித்து வெடித்து எரிந்தால் எண்ணெயில் நீர்; தொட்டியின் அடித்திருகைத் திறந்து வடியுங்கள். நன்றாக எரிந்துகொண்டிருந்தது அரை மணியில் தானாகப் புகையத் தொடங்கினால் எண்ணெய் சூடேறி ஓட்டம் கூடியிருக்கிறது. மறுபடி கப்பில் அளந்து நீடில் வால்வைத் திருத்துங்கள்.

உருக்கும்போது

அலுமினியம் 660 பாகையில் உருகும். 720-க்கு மேல் தேவையில்லாமல் ஏற்றாதீர்கள். பிஸ்டன், பழைய குக்கர், எஞ்சின் உறை நல்ல சரக்கு. ஆனால் சில வண்டிகளின் உறை மக்னீசியக் கலவை. அது உலையில் பற்றினால் அணைக்க முடியாது. அரம் போட்ட இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் ஒதுக்கிவிடுங்கள். பித்தளை 900 முதல் 940 பாகையில் உருகும். துத்தநாகம் 907-இல் கொதிக்கும். வெண்புகை எழுந்தால், காற்று அதைக் கொண்டுபோகும் பக்கத்தில் நிற்காதீர்கள். அதை மூச்சிழுத்தவருக்கு அன்றிரவு காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

இரவு வெளியே கிடந்த சரக்கில் பனிநீர் கோத்திருக்கும். ஒரு சொட்டு நீர் உருகிய உலோகத்துக்கடியில் போனால் மூசையிலுள்ளது கூரைவரை தெறிக்கும். சரக்கு, கரண்டி, இடுக்கி, அச்சு எல்லாவற்றையும் உலை மூடிமேல் வைத்துக் கை வைக்க முடியாத சூட்டுக்கு ஏற்றியபின்தான் உள்ளே விட வேண்டும். மூன்று கிலோ அலுமினியத்துக்குக் குளிர்ந்த உலையிலிருந்து தொடங்கினால் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் எண்ணெய் செலவாகும். அடுத்தடுத்த வார்ப்புக்குப் பாதி போதும். ஆகவே அச்சுகளை முதலிலேயே தயாராக வைத்து, ஒரே நாளில் மூன்று நான்கு முறை வார்த்தெடுங்கள்.

நிறுத்துதல்

எண்ணெயை முதலில் மூடுங்கள். காற்று ஐந்து நிமிடம் ஓடட்டும். பிறகு ப்ளோயரை நிறுத்தி, பர்னரை உடனே வெளியே இழுத்துவிடுங்கள். செந்தணலான துளைக்குள் காற்றில்லாமல் நின்றால் டியூபிலுள்ள எண்ணெய் கல்லுக்கரியாகும். ஆறியபின் 3 மி.மீ. கம்பி விட்டு டியூபைக் குத்தி, நிப்பிளின் உள்ளே உள்ள கரியைச் சுரண்டுங்கள். நீண்ட நாள் வேலையில்லை என்றால் தொட்டி, வால்வு, ஹோஸ் எல்லாவற்றையும் வடித்து, கொஞ்சம் டீசல் விட்டுக் கழுவி வையுங்கள். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல் அடுத்த முறை எரிக்கும் எண்ணெயோடு சேருங்கள். உலையை மூடி, தார்ப்பாய் போர்த்தி, தரையிலிருந்து செங்கல் உயரத்தில் வையுங்கள். பருவமழை முடிந்தபின் முதன்முறை எரிக்கும்போது புது உலைபோலவே நினைத்து, மெல்லிய கரித்தணலில் இரண்டு மணி நேரம் காயவிட்டுத்தான் எண்ணெய் திறக்க வேண்டும்.